அசைவும் காமிராவும்

புகைப்படக் கலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வெளிச்சத்தைப் பற்றியே எழுதுகின்றனர்; நேரத்தைப் பற்றி எழுதுவோர் குறைவு. காமிராவின் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே காட்சி வெவ்வேறு படங்களாக மாறிவிடுகிறது. விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தால் கங்கையின் அலை கண்ணாடிச் சில்லுபோல் நிற்கும். அரை நிமிடம் திறந்து வைத்தாலோ அதே கங்கை பாலாடை படிந்ததுபோல் அசைவின்றிக் கிடக்கும். இவ்விரண்டில் எது கங்கை?

இக்கேள்வியை நானும், நுண்கலைப் பிரிவில் புகைப்படம் பயிலும் என் வங்காள நண்பர் ஒருவரும் சென்ற ஓராண்டாக எங்களால் இயன்ற வழிகளில் சோதித்துப் பார்த்து வருகிறோம். அவருக்குக் கண் உண்டு. எனக்கு அளவுகோல் உண்டு. எங்களிடம் இருப்பது பழைய விலைக்கு வாங்கிய ஒரு டிஜிட்டல் காமிராவும், 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும், ஒரு கால் சற்றே ஆடும் முக்காலியும்தாம். அச்சோதனைகளின் பௌதிகத்தை நம் மன்ற இதழின் வாசகர்களுக்கு எளிய முறையில் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். கணக்கு வருகிறதே என்று கலைப் பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தவிர இதில் வேறொன்றும் இல்லை.

முதலில் சிறிது வரலாறு. பிரான்சு நாட்டு நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827-ஆம் ஆண்டில் தம் வீட்டுச் சன்னல் வழியாக எடுத்த படமே இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய காமிராப் படம். அதற்கு எட்டு மணி நேரமாவது தேவைப்பட்டிருக்கும் என்பர். அப்படத்தில் கட்டடங்களின் இரு பக்கச் சுவர்களிலும் வெயில் விழுந்திருக்கிறது. காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே தகட்டில் பதிந்துவிட்டன! நாம் கண்ணால் ஒருபோதும் காண முடியாத ஒரு காட்சியுடன்தான் புகைப்படக் கலை பிறந்தது எனலாம்.

அதன்பின் 1838-இல் டாகேர் என்பவர் பாரிஸ் நகரத்துப் பெருவீதி ஒன்றை மாடியிலிருந்து படமெடுத்தார். வண்டியும் குதிரையும் மக்களும் நிறைந்த வீதி அது. படத்திலோ வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. நடமாடியவர் அனைவரும் மறைந்துவிட்டனர். மூலையில் ஒருவர் மட்டும் தெரிகிறார். அவர் தம் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காகக் காலைத் தூக்கி வைத்து அசையாமல் நின்றவர். பெயர் தெரியாத அந்த மனிதர், நின்ற காரணத்தினாலேயே, படத்தில் இடம்பெற்ற முதல் மனிதர்களுள் ஒருவர் ஆகிவிட்டார்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி, 1858-இல் மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களின் கோயில்களைக் காகித நெகடிவில் படமெடுத்தார். அப்படங்களில் கோபுரத்தின் சிற்பங்கள் தெளிவாக இருக்கின்றன. மக்களை அரிதாகவே காண்கிறோம். மதுரையில் ஆளே இல்லாத வேளை ஏது? அக்காலக் காகித நெகடிவின் மந்தத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அப்படங்களை நாம் பார்க்க வேண்டும்.

இந்த மறைவித்தைக்குரிய கணக்கு மிக எளிது. ஒருவர் நடக்கும் வேகம் விநாடிக்கு 1.4 மீட்டர் என்று கொள்வோம். அவர் உடலின் அகலம் அரை மீட்டர். எனவே அவருக்குப் பின்னாலுள்ள சுவரில் ஏதேனும் ஒரு புள்ளியை அவர் மறைத்து நிற்கும் நேரம் 0.36 விநாடிதான். ஷட்டர் 30 விநாடி திறந்திருந்தால் அப்புள்ளிக்குக் கிடைத்த ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்கு சற்றே மிகும் அளவுதான் அந்த மனிதர் தந்தது. மிச்சம் முழுவதும் சுவர் தந்தது. நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே அவர் மறைந்து போகிறார். மறையாமல் இருக்க வேண்டுமானால் அவர் ஏழெட்டு விநாடியாவது ஓரிடத்தில் நிற்க வேண்டும். அப்போதும் அவர் முழு மனிதராக விழமாட்டார். சுவர் ஊடே தெரியும் ஆவிபோல் விழுவார். ஆவிப்படம் என்று காட்டிப் பணம் பறித்த பழைய மோசடிகள் சிலவற்றிலும் இத்தகைய உத்திகள் இருந்தன.

காசியின் சந்துகளில் நாங்கள் இதைச் சோதித்தோம். பகல் வெளிச்சத்தில் 30 விநாடி திறந்து வைத்தால் படம் வெளுத்துப் போகும் அல்லவா? அதற்காக லென்ஸின் முன் கரிய வடிகண்ணாடி ஒன்றைப் பொருத்துகிறார்கள். நாங்கள் பயன்படுத்திய கண்ணாடி ஒளியை 1,024-இல் ஒரு பங்காகக் குறைப்பது. அதாவது பத்து முறை பாதி பாதியாக்குவது. நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 என்ற உணர்வுநிலையில், லென்ஸின் துளையை எஃப்/16 என்று சிறிதாக்கினால் விநாடியின் நூற்றில் ஒரு பங்கு போதும் என்பது புகைப்படக்காரர்களின் பழைய வாய்பாடு. கரிய கண்ணாடி போட்டால் அது ஏறக்குறையப் பத்து விநாடி ஆகிறது. சந்தின் நிழலிலோ ஒரு நிமிடத்துக்கும் மேல் திறந்து வைக்கலாம். கடைத்தெருவில் இவ்வாறு எடுத்த படத்தில் யாத்திரிகர்கள், மிதிவண்டிகள், ரிக்ஷாக்கள் எல்லாம் மாயமாய் மறைந்தன. நடுச்சந்தில் படுத்திருந்த பசு மட்டும் முழுமையாக விழுந்தது. அதுவும் இடையில் தலையைத் திருப்பியதால் இரண்டு தலைப் பசுவாக விழுந்தது. பாரிஸில் காலணி மெருகிட்டவருக்குக் கிடைத்த பெருமை இங்கே பசுவுக்குக் கிடைத்தது என்றார் நண்பர்.

கரிய கண்ணாடி இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. காமிராவை அசைக்காமல் ஒரே காட்சியை முப்பது தனித்தனிப் படங்களாக எடுத்துக் கணிப்பொறியில் சராசரி காணலாம். முப்பது படங்களின் சராசரி, நெடுநேரம் திறந்து எடுத்த ஒரு படத்தை ஒத்திருக்கும். படத்தில் தெரியும் பொடி இரைச்சலும் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். ஆனால் சராசரிக்குப் பதில் இடைநிலை எண்ணை எடுத்துப் பாருங்கள்! ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைத்த முப்பது அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால், நடமாடியவர்கள் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாமல் அறவே நீங்கிவிடுவார்கள். எந்தப் புள்ளியையும் பாதிப் படங்களுக்கு மேல் யாரும் மறைக்கவில்லை என்றால் போதும். புள்ளியியல் படிக்கும் நண்பர்கள் வகுப்பில் சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வேறுபாட்டை மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு சந்தும் ஒரு காமிராவும் இருந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இனி இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி ஒன்றைப் பார்ப்போம். நடக்கும் மனிதன் மறைகிறான் என்றால், மாலையில் தசாசுவமேதப் படித்துறையில் ஆரத்தி எடுப்பவரின் கையில் உள்ள தீபம் ஏன் மறைவதில்லை? மறைவதற்கு மாறாக, அது பொன்வளையமாகப் படமெங்கும் சுழன்று நிற்கிறதே! மனிதரின் கையைவிடத் தீபம் மெதுவாகச் செல்வதில்லை. வேறுபாடு ஒளியின் அளவில் இருக்கிறது. இருட்டும் வேளையில் படிக்கட்டின் கல்லைவிடத் தீச்சுடர் பத்தாயிரம் மடங்கு ஒளியுடையது என்று கொள்வோம். சுடரின் அகலம் இரண்டு சென்டிமீட்டர். கை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. எனவே ஒவ்வோர் இடத்திலும் சுடர் தங்கும் நேரம் விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு. பத்தாயிரத்தை ஐம்பதால் வகுத்தால் இருநூறு. ஷட்டர் நான்கு விநாடி திறந்திருந்தால் கல் தருவது நான்கு. இருநூறுக்கும் நாலுக்கும் போட்டி! சுடர் ஐம்பது மடங்கு முந்திவிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதரோ இருட்டில் நின்று நான்கு விநாடிக்குள் கரைந்து போகிறார்.

இந்தக் கணக்கில் மாணவர்கள் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. ஷட்டரை நான்கு விநாடிக்குப் பதில் எட்டு விநாடி திறந்து வைத்தால் ஒளிக்கோடு இன்னும் பளிச்சென்று ஆகும் என்று எண்ணுவார்கள். ஆகாது. சுடர் ஓரிடத்தில் தங்கும் நேரம் சுடரின் வேகத்தைப் பொறுத்தது, ஷட்டரைப் பொறுத்ததன்று. நேரத்தை நீட்டினால் கோடு நீளும், அல்லது சுற்றுகள் கூடும், பின்னணிதான் வெளுக்கும். கோட்டின் பளபளப்பை மாற்ற வேண்டுமானால் லென்ஸின் துளையையோ உணர்வுநிலையையோதான் மாற்ற வேண்டும். இதை அறிந்துகொண்டால் கோட்டுக்குத் துளை, பின்னணிக்கு நேரம் என்று இரண்டையும் தனித்தனியே இழுத்துப் பிடிக்கும் இரு கடிவாளங்கள் நம் கையில் கிடைக்கின்றன. இரவில் விண்மீன்களின் வட்டக்கோடுகளை எடுப்பவர்களுக்கும் இதே விதிதான். இக்கட்டுரையில் ஏதேனும் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

பிலிமில் படமெடுப்போருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. ஒளியைப் பாதியாக்கி நேரத்தை இரட்டிப்பாக்கினால் அதே கருமை கிடைக்க வேண்டும் என்பது பொது விதி. நேரம் நீண்டுகொண்டே போனால் பிலிம் சோம்பிவிடுகிறது; கணக்குப்படி பத்து விநாடி என்றால் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். வானியல் தகடுகளில் இதை ஆராய்ந்து வாய்பாடு கண்டவர் கார்ல் சுவார்ஷில்டு. கருந்துளையின் ஆரத்துக்குத் தம் பெயரைத் தந்த அதே ஜெர்மானியர்தான். டிஜிட்டல் சென்சாருக்கு இந்தச் சோம்பல் இல்லை. அதற்கு வேறு நோய்: நேரம் நீள நீள, வெப்பம் கூடக் கூட, ஒளியே படாத இடத்திலும் புள்ளிகள் முளைக்கும். காசியின் மே மாதத்தில் அதைச் சோதிக்கத் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

நெடுநேரத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பின் குறுநேரத்தைப் பற்றியும் சில வார்த்தை. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே வேளையில் தரையை விட்டு எழுகின்றனவா என்ற நெடுநாள் வழக்கை 1878-இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக வைத்துத் தீர்த்து வைத்தார். எழுகின்றன, ஆனால் ஓவியர்கள் வரைந்துவந்ததுபோல் கால்கள் முன்னும் பின்னும் நீட்டியபடி அல்ல, வயிற்றுக்கடியில் மடங்கியபடி. பிரான்சில் மாரே என்பவர் 1882-இல் துப்பாக்கி வடிவக் காமிரா ஒன்றைச் செய்து, பறக்கும் பறவையை விநாடிக்குப் பன்னிரண்டு முறை சுட்டார், பறவைக்குச் சேதமில்லை. பின்னாளில் மின்பொறி விளக்கைக் கொண்டு எட்ஜர்டன் எடுத்த பால்துளிக் கிரீடத்தின் படத்தை (1957) நீங்கள் ஏதேனும் ஒரு பாடநூலில் கண்டிருப்பீர்கள்.

படம் கலங்காமல் இருக்க எவ்வளவு குறுகிய நேரம் வேண்டும்? இதையும் கணக்கிடலாம். பத்து மீட்டர் தொலைவில் குறுக்கே நடக்கும் மனிதரின் பிம்பம், 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பின்னால், விநாடிக்கு 7 மில்லிமீட்டர் நகர்கிறது. பிம்பம் 0.03 மில்லிமீட்டருக்கு மேல் நகராவிட்டால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் என்பது வழக்கமான அளவு. எனவே விநாடியின் 250-இல் ஒரு பங்கு வேண்டும். அவர் குறுக்கே நடக்காமல் நம்மை நோக்கி நடந்து வந்தால் இன்னும் நிதானமாக எடுக்கலாம்.

இடையில் ஒரு விளையாட்டுச் சோதனை. விடுதித் தாழ்வாரத்தில் எரியும் எல்.ஈ.டி. விளக்கை நோக்கிக் காமிராவைப் பிடித்து, விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்து, அந்நேரத்தில் காமிராவைப் பக்கவாட்டில் வீசுங்கள். சில விளக்குகள் தொடர்ச்சியான கோட்டைத் தரும். மலிவான விளக்குகள் சிலவோ புள்ளி புள்ளியாக விழும். எண்ணிப் பார்த்தால் இருபது புள்ளிகள் இருக்கும். நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு ஐம்பது முறை அலைவது. ஒவ்வோர் அலைவிலும் ஒளி இருமுறை ஏறி இறங்குகிறது. ஆகவே விநாடிக்கு நூறு துடிப்பு. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பைப் படம் காட்டிவிடுகிறது. பக்கத்தில் ஓர் அகல் விளக்கை வைத்தால் அது அறாத கோடாக விழும். படிப்பதற்கு விளக்கு வாங்கச் செல்வோர் கடையிலேயே இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். கடைக்காரர் சற்று வியப்புடன் பார்ப்பார், அவ்வளவுதான்.

இதுவரை கூறியதெல்லாம் பொருள்களைப் பற்றியது. மனித முகத்துக்கு வரும்போதுதான் கேள்வி கடினமாகிறது.

1840-ஐ ஒட்டிய தொடக்க ஆண்டுகளில் உருவப்படம் எடுத்துக்கொள்ள அமர்ந்தவர்கள் வெயிலில் நெடுநேரம் அசையாதிருக்க வேண்டியிருந்தது. தலை ஆடாமல் இருக்கப் பின்கழுத்தில் இரும்புக் கவ்வி ஒன்றைப் பொருத்துவார்கள். பெட்ஸ்வால் என்பவர் 1840-இல் கணக்கிட்டு அமைத்த அகன்ற துளை லென்ஸும், தகட்டின் உணர்வைக் கூட்டும் ரசாயனங்களும் வந்த பின் நேரம் குறைந்தது. பழைய உருவப்படங்களில் யாருமே சிரிப்பதில்லை என்று நாம் வியக்கிறோம். அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். சிரிப்பை அரை நிமிடம் பிடித்து வைத்துப் பாருங்கள், ஒரு காரணம் உடனே விளங்கும்.

கண்ணிமை மட்டும் எவ்வாறு தப்பியது? ஒருவர் நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைக்கிறார். ஒவ்வோர் இமைப்பும் ஏறக்குறைய 0.3 விநாடி. அரை நிமிடத்தில் ஏழெட்டு இமைப்பு, மொத்தம் இரண்டேகால் விநாடி. அதாவது நூற்றுக்கு எட்டுப் பங்குக்கும் குறைவு. எனவே கண் திறந்தே விழுகிறது. சற்று மென்மையாக மட்டும் விழுகிறது. அந்த மென்மையை விரும்பியே போற்றியவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்த இவ்வம்மையார் நாற்பத்தெட்டாம் வயதில் முதன்முதலாகக் காமிராவைக் கையில் எடுத்தார். 1879-இல் இலங்கையில் மறைந்தார். 1867-இல் அவர் எடுத்த வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலின் படம், கூர்மையான படங்கள் ஆயிரத்துக்கும் இல்லாத உயிரோடு நம்மைப் பார்க்கிறது. தெளிவில்லாத படங்கள் என்று அக்காலத்து விமர்சகர்கள் அவரைக் கேலி செய்தனர்.

எங்களுக்கு இக்கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. எங்கள் துறையின் பட்டறையில் சோதனைச்சாலைக் கண்ணாடிக் கருவிகள் ஊதிச் செய்யும் முதியவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் மிஸ்திரிஜி. வெற்றிடக் குழாய்கள், குளிர்ப்பான்கள், மூவழிக் குழாய்கள் என்று எங்கள் ஆராய்ச்சியின் பாதி அவர் மூச்சில் பிறந்தது. அவர் இவ்வாண்டு ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பின் அவ்விடத்துக்கு யாரையும் எடுப்பதாகத் தெரியவில்லை. உடைந்தால் வெளியூரிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம் என்பது இன்றைய போக்கு. பிரிவுபசார விழாவில் கொடுக்க அவருடைய உருவப்படம் ஒன்று வேண்டும் என்று துறை மாணவர்கள் எங்களிடம் கேட்டனர்.

முதல் நாள் அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுத்தோம். படத்தில் எல்லாம் கூர்மை: கைச்சுருக்கம், தீநாக்கு, சிவந்த கண்ணாடி. ஆனால் படத்தைப் பார்த்தவர் ஒருவர், "குழாயை நெருப்பில் காட்டிக்கொண்டு சும்மா நிற்கிறாரா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. கண்ணாடி ஊதுபவரின் தொழில் முழுவதும் உருட்டுவதில்தான் இருக்கிறது. இளகிய கண்ணாடியை ஒரு கணம் உருட்டாமல் விட்டால் அது தன் எடையாலேயே தொய்ந்துவிடும். இரு கைகளும் ஒரே வேகத்தில் உருட்ட வேண்டும். ஒரு கை முந்தினால் குழாய் முறுக்கிக்கொள்ளும். அந்த உருட்டலைத்தான் ஆயிரத்தில் ஒரு பங்கு அழித்துவிட்டது.

அடுத்த முறை இரண்டு விநாடி திறந்து வைத்தோம். பட்டறை வெளிச்சத்துக்கு எஃப்/16 துளை சரியாக இருந்தது. படத்தைக் கணிப்பொறியில் பெரிதாக்கிப் பார்த்த நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. விரல்கள் புகைபோல் கலைந்திருந்தன. தீ மெழுகியதுபோல் இருந்தது. இரண்டுக்கும் நடுவே கண்ணாடிக் குழாய் கோடு போட்டதுபோல் கூர்மையாக நின்றது.

இதற்குப் பௌதிகம் எளிய விளக்கம் தருகிறது. தன் அச்சில் சுழலும் உருளை ஒவ்வொரு கணத்திலும் ஒரே வடிவில்தான் தோன்றும். எனவே எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அதன் ஓரம் கலங்காது. ஆனால் அச்சிலிருந்து சிறிது விலகி ஆடினால் போதும், ஆட்டம் முழுவதும் படத்தில் அகலமாக விழுந்துவிடும். ஆகவே கூர்மையான அந்த ஓரம் மிஸ்திரிஜியின் கைக்கு எழுதிக் கொடுத்த நற்சான்று! இதை உறுதி செய்ய, பட்டறையில் பழகி வரும் ஆராய்ச்சி மாணவர் ஒருவரை அதே குழாயை அதே இடத்தில் உருட்டச் சொல்லி அதே இரண்டு விநாடியில் எடுத்தோம். அறுபது சென்டிமீட்டர் தொலைவிலிருந்து எடுக்கும்போது பிம்பம் பொருளின் பதினோரில் ஒரு பங்கு. அதில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் ஏழெட்டுப் பிக்சல் அகலத்துக்குப் பரவும். மாணவரின் குழாய் அதைவிட நன்றாகவே பரவியிருந்தது. மிஸ்திரிஜியின் குழாயில் எங்களால் ஆட்டத்தை அளக்கவே முடியவில்லை. ஐம்மூன்று பதினைந்து நாள் பழகினால் வந்துவிடும் என்று எண்ணியிருந்த மாணவர் அதன்பின் காலையில் சற்று முன்னதாகவே பட்டறைக்கு வரத் தொடங்கினார்.

1910-களில் அமெரிக்காவில் கில்பிரெத் தம்பதியர் தொழிலாளரின் விரல்களில் சிறு விளக்குகளைக் கட்டி, வேலை நேரத்தில் கைகள் செல்லும் பாதையை ஒளிக்கோடாகப் படமெடுத்தனர். வீண் அசைவுகளைக் களைந்து வேலையை விரைவுபடுத்துவது அவர்கள் நோக்கம். அப்படங்கள் அழகானவைதாம். ஆனால் கையின் பாதையை மட்டும் காட்டி ஆளை இருட்டில் விட்டுவிடும் படங்கள் அவை. இங்கே எங்களுக்கு நேர்ந்தது அதற்கு மறுதலை: கை கலைந்து, வேலை நின்றது.

மூன்றாவதாக, அவரை ஒரு நாற்காலியில் அமரச் செய்து முப்பத்திரண்டு விநாடி எடுத்தோம். ஆறேழு மூச்சு அதில் அடங்கியிருக்கிறது. தோள்களின் ஓரம் அதனால் கரைந்திருக்கிறது. முகம் கேமரன் அம்மையாரின் படங்களில் காணும் முகம்போல் மென்மையாக விழுந்தது. மடியில் வைத்திருந்த கைகள் மட்டும் இல்லை. சும்மா இருக்கும்போதும் அவர் விரல்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாயை உருட்டிக்கொண்டே இருந்தன என்பதைப் படம் பார்த்த பிறகே அறிந்தோம்.

மூன்று படங்களையும் அவர் முன் வைத்தோம். துறையில் பெரும்பாலோர் முதற்படத்தையே விரும்பினர். முகம் நன்றாகத் தெரிகிறது என்றனர். நண்பருக்கு மூன்றாவது படத்தின்மேல் ஆசை. மிஸ்திரிஜி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டாவது படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "என் மகனிடம் இதைக் காட்டலாம், நான் என்ன வேலை செய்தேன் என்று அவன் கேட்டதே இல்லை" என்றார். அந்தப் படமே சட்டமிடப்பட்டது. அதில் அவர் முகம் சற்றுக் கலங்கித்தான் இருக்கிறது. விழாவில் அதைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படமெடுக்கப் புறப்படுவோருக்கு இன்னொரு செய்தி. மணிகர்ணிகைத் துறையில் படமெடுப்பதை அங்கு வந்திருப்போர் விரும்புவதில்லை. இரவில் ஆற்றின் நடுவே இருந்து அரை நிமிடம் திறந்து எடுத்தால் சிதையின் நெருப்பு மட்டுமே விழும், ஒருவர் முகமும் விழாது, ஆகவே யாருக்கும் குற்றமில்லை என்று நண்பர் வாதிட்டார். கணக்குப்படி அவர் கூறியது சரியே. நடமாடுவோர் மறையும் கணக்கை மேலே நானே எழுதியிருக்கிறேன். ஆயினும் தந்தைக்குக் கொள்ளி வைத்து நிற்பவர் படகில் உள்ள முக்காலியைத்தான் பார்ப்பார். ஷட்டரின் நேரத்தையா கேட்பார்? நாங்கள் படகைத் திருப்பிக்கொண்டு வந்தோம். நண்பர் இன்னும் என்னோடு உடன்படவில்லை. இதழைப் படிக்கும் நீங்கள் என்ன கருதுகிறீர்கள் என்று மன்றக் கூட்டத்தில் கேட்க விரும்புகிறேன்.

காமிராவே இல்லாதவர்களும் செய்யக்கூடிய சோதனை ஒன்றோடு நிறுத்துகிறேன். ஒரு தகர டப்பாவின் பக்கத்தில் ஊசியால் சிறு துளையிட்டு, உள்ளே புகைப்படக் காகிதம் ஒன்றை வளைத்து வைத்து, மூடியை இறுக ஒட்டி, தெற்கு நோக்கிச் சற்று வானைப் பார்த்தவாறு மாடியில் கட்டிவிடுங்கள். டிசம்பர் 22-இல் கட்டினால் ஜூன் 21-இல் அவிழ்க்க வேண்டும். காகிதத்தை ரசாயனத்தில் கழுவ வேண்டாம். அப்படியே ஸ்கேன் செய்து கணிப்பொறியில் கருமையையும் வெண்மையையும் மாற்றினால், ஆறு மாதச் சூரியனின் பாதைகள் வில் வில்லாக அடுக்கியிருக்கும். மேகம் மூடிய நாட்கள் அறுந்த கோடுகளாக இருக்கும். காசியில் டிசம்பர் உச்சியில் சூரியன் 41 பாகை உயரத்தில் நிற்கும். ஜூனில் 88 பாகைக்கு ஏறி ஏறக்குறையத் தலைக்கு நேரே வந்துவிடும். ஆகவே டப்பாவைப் போதிய அளவு சாய்க்காவிட்டால் கோடை வில்கள் காகிதத்துக்கு வெளியே போய்விடும். விடுமுறையில் ஊருக்குச் செல்பவர் சென்னையில் கட்டினால் இன்னும் வேடிக்கை: ஏப்ரல் இறுதியில் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும், தெற்கு நோக்கிய டப்பா நண்பகலில் அதைத் தவறவிட்டுவிடும். எங்கள் டப்பாக்கள் இரண்டு விடுதி மாடியில் வடமேற்குத் தூணில் கட்டப்பட்டிருக்கின்றன. ஜூன் வரை அவற்றை யாரும் அவிழ்க்க வேண்டாம். குரங்குகளுக்காகக் கம்பி போட்டிருக்கிறோம்.